கேட்டால்தான் குறையும் வரி

வீட்டுக்குள் சக்கர நாற்காலி போய்வருவதற்காகக் கதவுச் சட்டத்தைப் பெயர்த்து அகலப்படுத்த மானியம் தருகிறது கவுன்சில். மாடியேற முடியாத அப்பாவுக்காகக் கீழ்த்தளத்தில் ஷவர் அறை கட்டவும் தருகிறது. அளவெடுக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வருகிறார், ஒப்பந்தக்காரர் வருகிறார், வேலை ஒழுங்காக முடிந்ததா என்று பார்க்க இன்னொருவர் வருகிறார். அந்த வீட்டில் யார் இருக்கிறார், அவரால் எது முடியாது என்பதெல்லாம் கவுன்சிலின் கோப்பில் ஏறிவிடுகிறது. ஆனால் அடுத்த மார்ச்சில் அதே கவுன்சில் அனுப்பும் கவுன்சில் டாக்ஸ் பில்லில் ஒரு பென்னிகூடக் குறைந்திருக்காது. குறைப்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1993இல் இந்த வரி பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. நாமாக எழுதிக் கேட்டால்தான் அது நம் வீட்டுக்கு வரும்.

லண்டனில் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட், டூட்டிங், குரோய்டன் என்று நம்மவர்கள் பரவி வாழும் பகுதிகளில் இந்தச் சலுகைக்குத் தகுதியுள்ள வீடுகள் நிறைய உண்டு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தாத்தா, சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டதால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மா, ஷெல் அடியில் காலை இழந்து இங்கே வந்து சேர்ந்த மாமா, பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத பிள்ளை. இவர்களில் ஒருவர் இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீடாகவேகூட இருக்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸில் கிடைக்கும் உதவி வேறு, இது வேறு. அந்த உதவி 2013 ஏப்ரலில் பழைய கவுன்சில் டாக்ஸ் பெனிபிட்டுக்குப் பதிலாக வந்தது. சம்பளம், சேமிப்பு எல்லாவற்றையும் கேட்பார்கள். இந்தக் கட்டுரை பேசுவது மாற்றுத்திறனாளி வாழும் வீட்டுக்கான பேண்ட் குறைப்பு. இதற்கு உங்கள் சம்பளம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று யாரும் கேட்கக் கூடாது. நீங்கள் மருத்துவராக இருக்கலாம், இரண்டு கடை வைத்திருக்கலாம். வீட்டில் இருப்பவரின் நிலையும் வீட்டின் அமைப்பும்தான் கணக்கு. மாற்றுத்திறனாளி பிஐபி போன்ற எந்த உதவித்தொகையும் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பில் அவர் பெயரில் வர வேண்டியதும் இல்லை. அவர் குழந்தையாக இருக்கலாம், பெற்றோராக இருக்கலாம், அதே வீட்டில் தங்கியிருக்கும் சித்தியாகவும் இருக்கலாம். அந்த வீடுதான் அவருடைய நிரந்தர இருப்பிடம் என்றால் போதும்.

இது தர்மம் இல்லை

கவுன்சில் டாக்ஸ் ஆளைப் பார்த்துப் போடும் வரி அல்ல, வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று கணித்து, ஏ முதல் எச் வரை எட்டு பேண்டில் ஒன்றில் வைத்தார்கள். வேல்ஸில் 2003 விலையை வைத்து மறுபடி கணித்தார்கள். அங்கே ஒன்பது பேண்ட். வீடு பெரிதானால் மதிப்பு கூடும், மதிப்பு கூடினால் வரி கூடும்.

இப்போது படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் இருக்கும் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். அவர்கள் பெரிய வீடு தேடுவது வசதிக்காக அல்ல. ஹாய்ஸ்ட் வைக்க இடம் வேண்டும், நாற்காலி திரும்ப இடம் வேண்டும், இன்னொரு குளியலறை வேண்டும். நோய் கேட்கும் இடத்துக்கு வரியும் சேர்த்துக் கட்டு என்பது நியாயமில்லை என்று அரசு வெகுகாலம் முன்பே ஒப்புக்கொண்டது. ரேட்ஸ் என்ற பழைய வீட்டு வரி இருந்த காலத்திலேயே 1978இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பிறகு மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த, ஊரே கொதித்தெழுந்த தலைவரி இடையில் வந்து போனது. 1992இல் இயற்றிய உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலும், அதே ஆண்டு வெளியான விதிகளிலும் இந்தக் குறைப்பு மறுபடி இடம்பிடித்தது. ஆகவே இதைக் கேட்பவர் யாரிடமும் கையேந்தவில்லை. தன் வீட்டுக்குச் சரியான வரியைப் போடச் சொல்கிறார்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோயில் மண்டபத்திலோ முதியோர் சங்கத்திலோ இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "நாங்கள் பெனிபிட்டில இருக்கிற ஆக்கள் இல்லை." உழைத்து நிமிர்ந்த தலைமுறையின் பெருமை அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இது பெனிபிட் அல்ல. இரண்டாவது பதில் மெல்லிய குரலில் வரும்: "பிள்ளைக்கு இப்படி எண்டு எழுதிக் குடுத்தா, நாளைக்கு மற்றப் பிள்ளையின்ர கலியாணத்துக்கு..." அந்த அச்சத்துக்கு இதில் இடமே இல்லை. படிவம் கவுன்சிலின் வரிப் பிரிவுக்குப் போகிறது; ஊர் முழுக்கப் போவதில்லை.

மூன்றாவது அச்சம் விசா. இதில் தெளிவு வேண்டும். 'பொது நிதியில் பங்கு கேட்கக் கூடாது' என்ற நிபந்தனை விசாவில் இருப்பவர்கள் வருமான அடிப்படையிலான கவுன்சில் டாக்ஸ் உதவியைக் கேட்கக் கூடாது. குடிவரவு விதிகளின் பட்டியலில் அது பெயர் சொல்லியே இருக்கிறது. அது சட்டத்தின் 13ஏ பிரிவில் வருவது. நாம் பேசும் பேண்ட் குறைப்பு 13ஆம் பிரிவில் வருவது. அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் தவறான படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எந்த வீடு தகுதி பெறும்?

நோயோ விபத்தோ பிறவிக் குறையோ எதுவானாலும், அது கணிசமானதாகவும் நிரந்தரமானதாகவும் இருக்க வேண்டும். கால் முறிந்து மூன்று மாதம் கட்டுப் போட்டவருக்கு இது இல்லை. அதோடு, அவர் வாழும் வீட்டில் மூன்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: அவருடைய தேவைக்காக அவரே பெரும்பாலும் பயன்படுத்தும் ஓர் அறை, அல்லது அவருக்குத் தேவைப்படும் இன்னொரு குளியலறையோ சமையலறையோ, அல்லது வீட்டுக்குள் அவர் சக்கர நாற்காலியில் நகரப் போதிய இடம். மூன்றும் வேண்டாம், ஒன்று போதும்.

சக்கர நாற்காலிதான் இவற்றில் எளிது. ஆனால் நாற்காலியை வீட்டுக்குள் பயன்படுத்த வேண்டும். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போகும்போது மட்டும் கார் டிக்கியிலிருந்து இறக்கி விரிப்பது கணக்கில் வராது. இரண்டாவது குளியலறையும் பெரிய சிக்கல் இல்லை. வீடு வாங்கும்போதே இரண்டு குளியலறை இருந்தாலும், ஒன்று மாற்றுத்திறனாளிக்குத் தேவைப்படுகிறது என்றால் கேட்கலாம். புதிதாகக் கட்டியிருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை.

சண்டையெல்லாம் அந்த 'அறை'யில்தான். படுக்கையறை எல்லா மனிதருக்கும் வேண்டும். அதனால் "அவர் அங்கே தூங்குகிறார்" என்று மட்டும் எழுதினால் கவுன்சில் மறுக்கும். நீதிமன்றமும் கவுன்சில் பக்கமே நிற்கும். 2006இல் சவுத் குளோஸ்டர்ஷயர் கவுன்சில் மேல்முறையீடு செய்த வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மாற்றுத்திறனுக்கும் அறையின் தேவைக்கும் இடையே காரணத் தொடர்பு வேண்டும். அந்தக் குறை இல்லாவிட்டாலும் அந்த அறை அப்படியேதான் இருந்திருக்கும் என்றால், குறைப்பு இல்லை.

எந்த அறைக்கு அந்தத் தொடர்பு இருக்கும்? வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவரின் அறையைப் பாருங்கள். வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் திரவப் பைகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். ஒரு சுவர் முழுவதும் இடுப்பளவுக்கு அடுக்கினாலும் இடம் போதாது. இரத்த டயாலிசிஸ் என்றால் இயந்திரம், அதற்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி, தண்ணீர் வரவும் போகவும் தனிக் குழாய், சாய்வு நாற்காலி. வாரத்தில் பல நாள், மணிக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். இந்த அறை நோய்க்காகவே உருவான அறை. பிசியோதெரபி மேசையும் கம்பிகளும் வைத்த அறையும், ஆட்டிசம் உள்ள பிள்ளை கூச்சலும் வெளிச்சமும் தாங்காமல் ஒதுங்குவதற்கென்று மாற்றியமைத்த அறையும் இதே கணக்கில் வரும்.

நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. மாடியில் மூன்று படுக்கையறை. அம்மாவால் படியேற முடியாது. கீழே சாப்பாட்டு அறையிலிருந்த மேசையை விற்றுவிட்டு, மருத்துவமனைக் கட்டில் போட்டு, பக்கத்தில் கமோட் நாற்காலியும் வைத்தாயிற்று. அவர் முன்பு தூங்கிய மாடி அறை சும்மா கிடக்கிறது, அல்லது துணி மடித்து வைக்கும் அறையாகிவிட்டது. குடும்பம் ஒரு வாழும் அறையை இழந்து நிற்கிறது. அம்மாவின் உடல்நிலைதான் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்பதால் இதைத் தாராளமாகக் கேட்கலாம். வாதமும் வலுவாகவே நிற்கும். ஆனால் அந்த அறையில் பெரிய தொலைக்காட்சி இருந்து, மாலையில் வீடே அங்கே கூடி உட்கார்ந்து நாடகம் பார்த்தால் அதிகாரி கேள்வி கேட்பார். 'பெரும்பாலும்' அம்மாதான் பயன்படுத்துகிறார் என்பது தெரிய வேண்டும். முழுக்க முழுக்க அவர் மட்டுமே என்று விதி கேட்கவில்லை. மூலையில் சாமிப் படம் இருந்து காலையில் யாராவது வந்து விளக்கேற்றிவிட்டுப் போவதால் தகுதி போய்விடாது.

இந்த அறை, குளியலறை, நாற்காலி எதுவாயினும் அவருடைய நல்வாழ்வுக்கு இன்றியமையாததாகவோ பெரிதும் முக்கியமானதாகவோ இருக்க வேண்டும் என்பதே விதியின் அளவுகோல். 'இருந்தால் நல்லது' என்பது போதாது.

எவ்வளவு குறையும்?

தகுதி பெற்றால் உங்கள் வீடு ஒரு பேண்ட் கீழே இருப்பதாக வைத்து வரி போடுவார்கள். வீட்டின் பேண்ட் மாறாது. பில் மட்டும் மாறும். இங்கிலாந்தில் 2025-26ஆம் ஆண்டுக்கு பேண்ட் டி வீட்டின் சராசரி வரி 2,280 பவுண்டு. அந்தச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால், டி-யிலிருந்து சி-க்கு இறங்கினால் ஆண்டுக்குச் சுமார் 253 பவுண்டு மிச்சம். இ-யிலிருந்து டி என்றால் சுமார் 507. மேல் பேண்டுகளில் படிகள் உயரமானவை, அதனால் மிச்சமும் கூடுதல். பேண்ட் ஏ வீட்டுக்குக் கீழே இறங்கப் படி ஏது? ஆரம்பத்தில் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. எளிய வீட்டில் இருப்பவருக்கே சலுகை இல்லை என்ற அந்த அநியாயத்தை இங்கிலாந்தில் 2000 ஏப்ரலில் சரிசெய்தார்கள். இப்போது அவர்களுக்கு வரியில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது.

இதோடு வேறு தள்ளுபடியும் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. டிமென்ஷியா, கடுமையான மூளைக் காயம், கற்றல் குறைபாடு போன்றவற்றால் அறிவும் பிறரோடு பழகும் திறனும் நிரந்தரமாக, கடுமையாகப் பாதிக்கப்பட்டவரை ஆள் கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள். அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிஐபியின் அன்றாடப் பராமரிப்புப் பகுதி போன்ற குறிப்பிட்ட உதவித்தொகை ஒன்றுக்கு அவர் உரியவராகவும் இருக்க வேண்டும். அப்படிப் பாதிக்கப்பட்ட தாயும் ஒரு மகளும் மட்டும் இருக்கும் வீட்டில், மகள் ஒருத்திதான் கணக்கில் நிற்பாள். 25 சதவீதம் தள்ளுபடி. தாய் தனியாக வாழ்ந்தால் வரியே இல்லை. வாரம் குறைந்தது 35 மணி நேரம் பராமரிப்பவரையும் சில நிபந்தனைகளோடு கணக்கிலிருந்து விடுவார்கள். ஆனால் கணவனை மனைவி பார்த்துக்கொள்வதும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பெற்றோர் பார்த்துக்கொள்வதும் இதில் சேராது.

டிமென்ஷியா உள்ள அந்தத் தாய் பேண்ட் இ வீட்டுக்குள் சக்கர நாற்காலியில்தான் நகர்கிறார் என்று வையுங்கள். அதே சராசரிக் கணக்கில் 2,787 பவுண்டு பில் முதலில் 2,280 ஆகும். அதில் கால் பங்கு போனால் 1,710. ஓர் ஆண்டில் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அந்த ஆயிரம் பவுண்டு அந்தக் குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடாக வைக்கும் பணம்.

எழுதுவது எப்படி?

உங்கள் கவுன்சிலின் வரிப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, மாற்றுத்திறனாளிக்கான பேண்ட் குறைப்புப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள்; பல கவுன்சில்களில் இணையத்திலேயே நிரப்பலாம். மருத்துவரோ தெரபிஸ்டோ ஒரு கடிதம் தர வேண்டியிருக்கலாம். சில கவுன்சில்கள் வீட்டைப் பார்க்க அதிகாரியை அனுப்பும். அவர் வருகிறார் என்று வீட்டை ஒழுங்குபடுத்தி, கமோட்டை மறைத்து, மருந்துப் பெட்டிகளை அலமாரிக்குள் தள்ளாதீர்கள். விருந்தாளி வருகையில் நாம் செய்யும் அந்த வழக்கம் இங்கே நமக்கே எதிராகும். உள்ளதை உள்ளபடி பார்க்கட்டும்.

படிவத்தில் நோயின் பெயரை எழுதிவிட்டு நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. பக்கவாதம் என்று எழுதினால் போதாது. "இடது கையும் காலும் இயங்காது. படியேற முடியாது. கட்டிலிலிருந்து எழுப்ப ஹாய்ஸ்ட் வேண்டும். ஹாய்ஸ்ட் மாடி அறைக்குள் திரும்பாது. அதனால் கீழ் முன்னறையை அவருக்கு ஒதுக்கினோம். அந்த அறையை வேறு யாரும் பயன்படுத்துவதில்லை" என்று எழுதுங்கள். உடல்நிலை, அதனால் எழும் தேவை, அந்தத் தேவையால் அந்த அறை. இந்த மூன்றையும் தொடர்ச்சியாகச் சொல்லிவிட்டால் அதிகாரிக்கு ஊகிக்க எதுவும் மிச்சமிருக்காது.

பல ஆண்டுகளாகவே இந்த நிலைதான் என்றால், அது தொடங்கிய தேதியிலிருந்தே குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கவுன்சில் வீடு மாற்றியமைக்க மானியம் தந்திருந்தால், அந்த வேலை முடிந்த தேதியைக் காட்டும் கடிதமே நல்ல சான்று. ஒரு தடவை கிடைத்துவிட்டால் என்றைக்கும் என்று இருந்துவிடக் கூடாது. விதிப்படி இது நிதியாண்டுக்கு நிதியாண்டு கேட்க வேண்டிய சலுகை. கவுன்சில் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் நின்றுவிடும். வீட்டு நிலைமை மாறினாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

மறுத்துவிட்டால்? இங்கேதான் நம்மவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கடிதத்தில் 'இல்லை' என்று வந்ததும் கோப்பை மூடி மேலே வைத்துவிடுகிறோம். முதலில் கவுன்சிலுக்கே, முடிவு ஏன் தவறு என்று எழுதுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு இரண்டு மாதம் உண்டு. பதில் திருப்தியாக இல்லை என்றால் அது வந்து இரண்டு மாதத்துக்குள், பதிலே வராவிட்டால் முதலில் எழுதியதிலிருந்து நான்கு மாதத்துக்குள், இங்கிலாந்துக்கான மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வேல்ஸுக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. ஸ்காட்லாந்தில் நடைமுறையும் காலக்கெடுவும் வேறு. அங்கே 2023 ஏப்ரலிலிருந்து முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் உள்ளூர் வரிப் பிரிவு பார்க்கிறது. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, ரேட்ஸ்தான். அங்கே இதே போன்ற வீட்டுக்கு 25 சதவீதம் குறைக்கிறார்கள். இங்கிலாந்துத் தீர்ப்பாயத்தில் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் உதவி கேட்கலாம். முறையீடு நடக்கும்போது பில்லைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். வென்றால் கட்டிய பணம் திரும்பும், கட்டாவிட்டால் சம்மன் வரும்.

அரசிடமும் கவுன்சில்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. குளியலறை கட்ட மானியம் தரும் பிரிவும் வரி வசூலிக்கும் பிரிவும் ஒரே கவுன்சிலுக்குள்தான் இருக்கின்றன. வேலை முடிந்ததென்று கையெழுத்து வாங்கும் அன்றே இந்தப் படிவத்தையும் கையில் கொடுத்துவிட என்ன தடை? தகவல் பாதுகாப்பு என்பது பதிலாகாது. பயனாளியிடமே கொடுக்கும் தாளுக்கு யாருடைய இசைவும் வேண்டாம். சட்டம் உரிமையென்று எழுதி வைத்ததை, தேடிக் கண்டுபிடிப்பவருக்கு மட்டும் கொடுப்பது நிர்வாகத்தின் குறை. அதைத் தீர்க்கும் பொறுப்பும் அவர்களுடையது.

அதுவரை அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஆங்கிலப் படிவத்தைக் கண்டால் ஒதுக்கி வைக்கும் பெரியவர்கள் உங்கள் தெருவில் இருப்பார்கள், உங்கள் கோயிலில் இருப்பார்கள், தமிழ்ப் பள்ளி வாசலில் பேரனுக்காகக் காத்திருப்பார்கள். வீட்டில் நடக்க முடியாதவர் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து, கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.